நம் வீட்டுக்குள் வந்தவர்கள்

முரளிக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலனிக்காரர்கள் உனக்குச் சால்வை போட்டபோது நான் ஏன் மேடைக்கு வரவில்லை என்று கேட்டாய். தலைவலி என்றேன். நீயும் மாத்திரை வாங்கி வந்து வைத்தாய். எனக்குத் தலைவலி இல்லை. சனிக்கிழமை நீ எஸ்.ஐ. பயிற்சிக்குக் கிளம்புகிறாய், அதற்குள் நேரில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தால் உன் நைனா குறுக்கே வந்து, "நல்ல நேரத்துல இன்னாத்துக்குப் பழசப் பேசிக்கினு கீறே" என்கிறார். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் நீ தெலுங்கும் இங்கிலீஷும்தான் படித்தாய். தமிழ் எழுத்தை நான்தான் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார வைத்து, துணியில் குறி போடும் சாக்பீஸால் தரையில் எழுதிக் காட்டினேன். இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். அவசரமில்லை, மெதுவாகப் படி. மற்றவர்கள் இதைப் படிக்கலாமா என்றால், தாராளமாகப் படிக்கட்டும். காட்டலாம் என்பது நானாக எடுத்த முடிவு. என்னைக் கேட்காமல் யாரும் இதை எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன்.

நான் பிறந்த நகரி வீட்டில் தறிகள்தான் குடியிருந்தன. மிச்சமிருந்த ஓரத்தில் நாங்கள் இருந்தோம். நூல் கொண்டு வருகிறவர், சேலை எடுக்க வருகிறவர், கரண்டு ரீடிங் பார்க்க வருகிறவர், எல்லாரும் நேராக உள்ளே வந்துவிடுவார்கள். நான் துணி மாற்ற வேண்டும் என்றால் என் அக்கா ஒரு புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கு நான் நிற்பேன். அந்த வீட்டை நினைத்து நான் ஒரு நாளும் ஏங்கியதில்லை. திருப்பதிக்கு வந்து, இந்தக் காலனியில் வீடு கட்டியபோது, "உள்ரூமுக்கு இன்னாத்துக்கும்மா கதவு, ஸ்கிரீன் போட்டா போதாதா" என்று மேஸ்திரி கேட்டார். உன் நைனாவும் அவர் பக்கம் பேசினார். நான் ஒற்றைக் காலில் நின்று கதவு போட வைத்தேன். உள்ளிருந்து தாழ்ப்பாள் போடுகிற மாதிரி ஒரு அறை, அது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள எனக்கு முப்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

அந்த அறையில்தான் என் தையல் தொழில். ரவிக்கைக்கு அளவு எடுக்கும்போது பெண்கள் பேசுவார்கள், உனக்குத் தெரியாது. கர்ப்பமாக இருப்பதைப் புருஷனிடம் சொல்வதற்கு முன்னால் என்னிடம் சொன்னவர்கள் உண்டு. புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து ஒரு பக்க மார்பை எடுத்துவிட்ட ஒரு டீச்சரம்மா, யாருக்கும் தெரியாதபடி உள்ளே பஞ்சு வைத்துத் தைத்துத் தரச் சொல்லி என்னிடம் வருவார். இன்றுவரை அவர் பேரை உன் நைனாவிடம்கூட நான் சொன்னதில்லை. பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது. தைத்ததைப் போட்டுப் பார்த்து, முன்னால் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று என்று படம் எடுத்து அனுப்புவார்கள். "அக்கா, கை எறக்கம் பத்தல, தோள் நிக்கல" என்று எழுதுவார்கள். அந்தப் படங்கள் எல்லாம் என் போனில்தான் இருந்தன. அவர்கள் எனக்கு அனுப்பியவை, எனக்கு மட்டும்.

உன் நைனா அப்போது சொந்தமாக லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். புத்தூர், சத்தியவேடு பக்கம் காய்கறி ஏற்றிக்கொண்டு திருப்பதி மார்க்கெட்டுக்கு வருவார். மாங்காய் சீசனில் சித்தூர் ஃபேக்டரிகளுக்குப் போவார். வண்டி தமிழ்நாட்டில் ஒரு சொந்தக்காரரிடம் வாங்கியது. தமிழ்நாட்டு நம்பர்தான் இருந்தது. மலைக்காட்டில் செம்மரம் வெட்டுகிறவர்களைப் பிடிக்கும்போதெல்லாம் தமிழ் பேசுகிற டிரைவரையும் தமிழ்நாட்டு நம்பரையும் ரோட்டில் நிறுத்துவார்கள். தார்ப்பாயை விலக்கித் தக்காளியைக் கையால் கிளறிப் பார்ப்பார்கள். மேலே இருந்த தக்காளி நசுங்கிப் போகும். உன் நைனா சிரித்துக்கொண்டே நிற்பார். "டூட்டி பண்றாங்க, பண்ணட்டுமே" என்பார். ரோட்டில் அப்படி விட்டுக்கொடுத்தால் வீடுவரைக்கும் வரமாட்டார்கள் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

வந்தார்கள். நீ சித்தூரில் டிகிரி கடைசி வருஷம். பண்டிகை லீவுக்கு வந்திருந்தாய். விடிந்தும் விடியாத நேரத்தில் தெருவின் இரண்டு முனையையும் அடைத்து வீடு வீடாகத் தேடுவதற்குக் 'கார்டன் சர்ச்' என்று பேர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "தலுப்பு தீயண்டி" என்று கதவைத் திறக்கச் சொன்ன சத்தம் கேட்டு உன் நைனா தாழ்ப்பாளை எடுத்தார். அவர் ஒதுங்குவதற்குள் ஐந்தாறு பேர் பூட்ஸ் காலோடு உள்ளே வந்துவிட்டார்கள். அவர்களில் பெரியவர் மாதிரி இருந்த அதிகாரி, நாம் தமிழ்க்காரர்களா என்பதைத் தெலுங்கில், "தமிழோள்ளா மீரு?" என்று கேட்டார். "அவுனு சார், நகரி பக்கம். மூணு தலமுறையா ஆந்திராதான் சார்," என்றார் உன் நைனா. கூட வந்த கான்ஸ்டபிள் ஒருவனுக்குத் தமிழ் தெரியும். "அதெல்லாம் இருக்கட்டும், செம்மரம் யாருக்கு ஏத்துற, அத்தச் சொல்லு," என்றான்.

நான் உள்ளறைக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "சார், பொம்பள போலீசு யாரும் வரலியா? உள்ள என் துணிமணி கீது. கஸ்டமருங்க துணி கீது. பேப்பரு எதுனா இருந்தாக் காட்டிட்டு, ஒரு பொம்பளையக் கூட்டிக்கினு வாங்க, தாராளமாப் பாருங்க," என்றேன். பெரியவருக்குச் சிரிப்பு வந்தது. "ஏமி தாச்சிபெட்டாவம்மா லோபல?" என்றார். உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். என் தோளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பீரோவில் இருந்ததெல்லாம் தரைக்கு வந்தது. லத்தி நுனியால் என் உள்பாவாடையைத் தூக்கிப் பார்த்து, பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள். பண்டிகைக்குத் தைத்து, பேர்ச்சீட்டு ஒட்டி அடுக்கி வைத்திருந்த ரவிக்கைகள் மேல் நடந்தார்கள். செம்மரம் ரவிக்கைக்குள் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். இருந்தும் தேடினார்கள்.

அப்புறம் என் போனை எடுத்து, பூட்டைத் திறக்கச் சொன்னார்கள். "அதுல பொம்பளைங்க போட்டோ கீது சார், நான் காட்ட மாட்டேன்," என்றேன். பெரியவர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டு உன் பக்கம் திரும்பினார். ஒருவன் உன் நைனாவின் சட்டைக் காலரைப் பிடித்தான். நீ நம்பரைச் சொன்னாய். உன் பிறந்த நாள்தான் என் போனுக்குப் பூட்டு. இதை நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாகப் பேசியதே இல்லை. இப்போது எழுதும்போது ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், முரளி. உன் மேல் எனக்குக் குறையே இல்லை. நைனாவை அடித்துவிடுவார்கள் என்று பயந்தாய். பெற்றவனைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பிள்ளையும் சொல்லத்தான் செய்யும். அப்படிக் கேட்டவன் மேல்தான் குற்றம். இதை நீ நன்றாக மனசில் போட்டுக்கொள், ஏனென்றால் கேட்கிற இடத்தில் இனிமேல் நீ இருக்கப்போகிறாய்.

உன் நைனாவை ஜீப்பில் ஏற்றினார்கள். வண்டியை ஒரு கான்ஸ்டபிள் ஓட்டிக்கொண்டு போனான். போனும் போயிற்று. எதற்கும் ஒரு துண்டுச் சீட்டுகூடத் தரவில்லை. மறுநாள் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் செருப்பில்லாமல் நடந்து வந்தார். "சோறு போடு," என்றார். பாதி தின்றுவிட்டுக் கை கழுவினார். அங்கே என்ன நடந்தது என்று நானும் கேட்டுப் பார்த்தேன், நீயும் கேட்டாய். இன்றுவரை சொல்லவில்லை. அவர் மேல் எந்தக் கேஸும் போடவில்லை. ஆனால் வண்டியும் போனும் ஸ்டேஷனிலேயே நின்றன. கேட்கப் போனால் ஒருவர் 'என்கொயரி' என்பார், இன்னொருவர் 'ஃபாரஸ்ட்காரங்களக் கேக்கணும்' என்பார்.

பவானி வந்தது அதற்கு அடுத்த வாரம். உனக்கு அவளை ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பின்தெருவில் அம்மாவோடு இருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்து, முதுகுப் பக்கம் வெட்டு சரியாக வந்திருக்கிறதா என்று கேட்டு எனக்குப் படம் அனுப்பியிருந்தாள். பஸ் ஸ்டாப்பில் அவள் நின்றபோது ஒரு போலீஸ்காரன் பைக்கை மெதுவாக ஓட்டி வந்து, "பெள்ளி ஜாக்கெட் பாகுந்தி," என்றானாம். கல்யாண ஜாக்கெட் நன்றாக இருக்கிறது என்று. அதைவிட வேறு எதுவும் சொல்லவில்லை, தொடவில்லை, போய்விட்டான். அவள் டூட்டிக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். வாசலில் நின்றபடியே, "அக்கா, நீ யாருக்குக் காட்டின?" என்று கேட்டாள்.

நான் காட்டவில்லை, பிடுங்கிக்கொண்டு போனார்கள் என்று சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வருகிறவரை சொன்னேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. "எத்தன பேரு பாத்திருப்பாங்கக்கா?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். "இப்ப ரோட்டுல எந்த போலீசப் பாத்தாலும் இவனும் பாத்திருப்பானோன்னு இருக்குதுக்கா. ஒருத்தன் திட்டியிருந்தா மறந்துடுவேன். இது எப்டி மறக்கிறது?" என்றாள். அடுத்த நாள் அவளே வந்து, "எங்க வந்து சொல்லணும்னாலும் சொல்றேன். நீ கேசு போடுக்கா," என்றாள். கல்யாணத்தைக் கையில் வைத்திருக்கிற பெண், அவள்தான் முதலில் தைரியமாக வந்தாள்.

சித்தூரில் என் கஸ்டமர் ஒருத்தியின் அக்கா வக்கீல். நானும் பவானியும் பஸ் ஏறிப் போனோம். அந்த வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "வாரண்ட் இல்லாமத் தேடறதுக்கும் சட்டத்துல வழி இருக்குது. ஆனா இன்ன காரணத்துக்காகத் தேடறோம்னு முன்னாடியே எழுதி வைக்கணும். தெருவுல ரெண்டு பேரை சாட்சியா நிறுத்தணும். எடுத்துக்கினு போறதுக்குச் சீட்டு தரணும். பொம்பளைங்க இருக்கிற எடத்துல பொம்பள போலீசு வரணும். இதுல ஒண்ணுகூட உங்க வீட்ல நடக்கல." அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "வண்டி வரும்மா, லேட்டானாலும் வரும். போன் வரும். மன்னிப்பு மட்டும் வராது. அதுக்குத் தயாரா இருந்தா போடலாம்," என்றார். வண்டியையும் போனையும் திருப்பித் தரச் சொல்லிக் கோர்ட்டில் ஒரு மனு. படங்களைப் பார்த்தது, பேசியது பற்றி மேலதிகாரிக்குப் பவானி கையெழுத்துப் போட்ட புகார் ஒன்று.

மனு போட்டதும் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார். இந்த முறை வாசலில் பூட்ஸைக் கழற்றினார், காபி குடித்தார், என்னை 'அம்மா' என்றார். "வண்டி நாளைக்கே வந்துடும்மா. நானே சாவி கொண்டாந்து குடுக்கிறேன். அந்தப் பொண்ணு கம்ப்ளெயிண்ட மட்டும் வாபஸ் வாங்கச் சொல்லுங்க. கல்யாணம் ஆகப்போற பொண்ணு, அவளுக்கும் நல்லது," என்றார். அவர் போனதும் உன் நைனா, "வாங்கிடலாம்," என்றார். நீ சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. "யாரும் அத்த நெட்டுல போடலியேம்மா. பாத்தாங்க, அவ்ளோதானே," என்றாய்.

அவ்வளவுதானா, முரளி? அன்றைக்கு நான் கத்திவிட்டேன், ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அவள் உடம்பை யார் பார்க்கலாம் என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். அளவு எடுக்கிற எனக்குக் காட்ட வேண்டும் என்று அவள் நினைத்தாள், காட்டினாள். அந்த முடிவை ஒருவன் அவள் கையிலிருந்து பிடுங்கி, பிடுங்கினேன் என்பதை அவளுக்குத் தெரியவும் வைத்தான். பைக்கை மெதுவாக ஓட்டி வந்ததே அதற்குத்தான். அதற்குப் பதிலாக நம் வண்டியை வாங்கிக்கொள் என்றால், நான் அவளை விற்று வண்டி வாங்கினேன் என்றுதானே ஆகும்? நான் முடியாது என்றேன். உன் நைனா அதன் பிறகு என்னோடு பல நாள் பேசவில்லை. பேசத் தொடங்கியபோதும் முன் மாதிரி பேசவில்லை.

கோர்ட்டு உத்தரவு வர இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர்கள் தரப்பில் டைம் கேட்டார்கள். கடைசியில் இந்த வண்டி மேல் எந்தக் கேஸும் இல்லை, வண்டியையும் போனையும் திருப்பிக் கொடு என்று கோர்ட்டு சொன்னது. ஸ்டேஷன் பின்னால் பிடித்த வண்டிகள் நிற்கிற இடத்துக்கு நானும் உன் நைனாவும் போனோம். பாட்டரி இல்லை, ஸ்டெப்னி இல்லை, தார்ப்பாய் இல்லை. டயர் மண்ணுக்குள் இறங்கியிருந்தது. சீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. உன் நைனா சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். ஒரு சத்தமும் வரவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கி, "நீ ஜெயிச்சிட்டே," என்று என்னிடம் சொன்னார். அதில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. இன்று வரை அவர் ஏர்பேட்டுக்காரர் ஒருவரின் வண்டியைத்தான் ஓட்டுகிறார்.

பவானியின் புகாரை விசாரித்த அதிகாரி, ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார். பைக்கில் வந்த அந்தப் போலீஸ்காரனைக் காளஹஸ்திக்கு மாற்றினார்கள். தண்டனை என்று நாங்கள் நினைத்தோம். அவன் மாமியார் வீடு அங்கேதானாம், அவனே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் என்று பிறகு தெரிந்தது. பவானிக்குக் கல்யாணம் நடந்தது. அந்த ரவிக்கையை அவள் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்து ஏற்றி, முதுகை மூடி வேறொன்று தைக்கச் சொன்னாள், தைத்தேன். இப்போது பெங்களூரில் இருக்கிறாள். பழைய கஸ்டமர்களில் பாதிப் பேர் வருவதில்லை. நான் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் என் அறைக்குத் தாழ்ப்பாள் இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்த டீச்சரம்மா அதன் பிறகு ஒரு முறைகூட வரவில்லை. அவருக்கு யார் தைத்துத் தருகிறார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

வண்டியை இரும்புக்குப் போட்ட அன்று நீ என்னிடம் சொன்னாய்: "அம்மா, அந்தச் சட்டைய நான் போட்டுட்டா நம்ம வீட்டுக்குள்ள எவனும் வரமாட்டான்." வயசுக் கோபம் என்று நினைத்தேன். நீ கோபத்தில் சொல்லவில்லை. கோச்சிங் போனாய், ஓடினாய், விழுந்து விழுந்து படித்தாய். நானும்தான் விடியற்காலையில் எழுந்து உனக்குச் சமைத்து அனுப்பினேன். ரிசல்ட் வந்த அன்று எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே போனவன் ஒருவனாவது ஒழுங்காக இருப்பான் என்று நினைத்தேன். நம் வீட்டில் நடந்ததைக் கண்ணால் பார்த்தவன், அதை மறக்க மாட்டான் என்று நினைத்தேன். நீ மறக்கவில்லைதான். ஆனால் அதிலிருந்து நான் படித்தது ஒன்று, நீ படித்தது வேறு என்பது போன வாரம்தான் தெரிந்தது.

போன வாரம் மறுபடியும் நம் தெருவை அடைத்தார்கள். நீ பனியனோடு கேட்டுக்கு வெளியே போய், எஸ்.ஐ. செலக்ஷன் ஆகியிருக்கிறது என்று தெலுங்கில் சொன்னாய். வந்தவர் உனக்குக் கை கொடுத்தார், எந்த பேட்ச் என்று விசாரித்தார், நம் வீட்டை விட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போனார். அங்கே குடியிருக்கிற செல்வியும் அவள் புருஷனும் சத்தியவேட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கைக்குழந்தை வேறு. நீ உள்ளே வந்து, "பாத்தியாம்மா, நம்ம வீட்ட வுட்டுட்டாங்க," என்றாய். உன் நைனாவின் முகத்தில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது. எதிர் வீட்டில் குழந்தை வீறிட்டு அழுதது. நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

செல்வி என்னைப் பார்த்ததும், "அத்த, இன்னா சொல்றாங்கன்னே புரியல, போன கேக்கிறாங்க," என்றாள். "குடுக்க வேணாம்," என்றேன். போலீஸ்காரரிடம், "சார், பேப்பரு இருக்குதா? எதுக்குத் தேடறீங்க, சொல்லுங்க," என்று கேட்டேன். அவர் தெருவைத் தாண்டி உன்னைப் பார்த்தார். நீ நம் கேட்டிலிருந்து, "அம்மா, உள்ள வா. அவங்க டூட்டி அவங்க பாக்கிறாங்க. தப்பு பண்ணாதவங்களுக்கு இன்னா பயம்?" என்றாய். நான் நகரவில்லை. அவர் சிரித்துக்கொண்டே, "எஸ்.ஐ. காரு அம்மா கதா, வதிலேயண்டி," என்று மற்றவர்களிடம் சொன்னார். எஸ்.ஐ.யின் அம்மா அல்லவா, விட்டுவிடுங்கள் என்று. போனைக் கேட்பதை விட்டார்கள், எடுத்து வைத்திருந்த ஆட்டோ சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள், போனார்கள். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெருவே என்னைப் பெருமையாகப் பார்த்தது. எனக்கு வாயெல்லாம் கசந்தது. சட்டத்தைக் கேட்டு, பவானியை வைத்துக்கொண்டு, கோர்ட்டுக்கு அலைந்தபோது எனக்குக் கிடைக்காதது, உன் அம்மா என்றதும் கிடைத்துவிட்டது. செல்விக்கு உரிமையாகக் கிடைக்க வேண்டியதை அவர்கள் எனக்குச் சலுகையாகக் கொடுத்தார்கள். பக்கத்துத் தெருவில் எஸ்.ஐ.யின் அம்மா இல்லை. அங்கே அன்றைக்கு இரண்டு வண்டியும் நாலைந்து போனும் போயின.

தப்பு பண்ணாதவர்களுக்கு என்ன பயம் என்று கேட்டாயே. உன் நைனா என்ன தப்புப் பண்ணினார்? பவானி என்ன தப்புப் பண்ணினாள்? டீச்சரம்மா பஞ்சு வைத்துத் தைத்துக்கொள்வது தப்பா? ஒருவருக்கு மறைக்க ஒன்று இருக்கிறது என்றால் அவர் திருடர் என்று அர்த்தமில்லை, முரளி. துணி உடுத்துகிற எல்லாருக்கும் மறைக்க இருக்கிறது. இப்போது ரோட்டில் போகிற பையன்களை நிறுத்தி, முகத்தைப் படம் எடுத்து, கைரேகையை ஒரு மிஷினில் வைக்கச் சொல்கிறார்கள். நாளைக்கு அந்த மிஷினை உன் கையிலும் கொடுப்பார்கள். மேலே இருக்கிறவர் உத்தரவு என்பார்கள். உத்தரவு எழுத்தில் இருக்கிறதா என்று கேள். இருந்தால், அதில் எழுதியிருப்பதை மட்டும் செய். இல்லாவிட்டால், இல்லை என்று சொல்லத் தெரிந்துகொள். எடுத்த பொருளுக்கு உன் கையெழுத்தில் சீட்டுக் கொடு. வண்டியைப் பிடித்தால், அது ஒருவருடைய சோறு என்று நினைத்துக்கொண்டு நிழலில் நிறுத்து. ஒரு பெண்ணின் போன் உன் கைக்கு வந்தால், அதில் பவானி இருக்கிறாள் என்று வைத்துக்கொள். திருடனைப் பிடிக்காதே என்று நான் சொல்லவில்லை. பிடி. கதவைத் தட்டிவிட்டுப் பிடி.

இப்படி நடந்தால் உன்னோடு இருப்பவர்கள் சிரிப்பார்கள், பிரமோஷன் தள்ளிப்போகும், ஒருவேளை ஒதுக்குப்புறமாக எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். உன் நைனாவுக்கும் என் மேல் மறுபடி கோபம் வரும். வேலையே போனாலும் வீட்டுக்கு வா, மிஷின் ஓடுகிறது, சோறு இருக்கிறது. ஆனால் நீ நம் வீட்டில் தேடிய அந்தப் பெரியவர் மாதிரி ஆகிவிட்டாய் என்று ஒரு நாள் என் காதில் விழுந்தால், 'குடுக்க வேணாம்' என்று செல்விக்குச் சொன்னதை எல்லா வீட்டிலும் சொல்லிக்கொண்டு போவேன். எஸ்.ஐ.யின் அம்மா என்று என்னையும் விடமாட்டார்கள் அப்போது, பரவாயில்லை.

நீ நல்லபடியாகப் போய் வா. பயிற்சி முடிந்து லீவில் வரும்போது நேராக உள்ளே வந்துவிடாதே. காக்கியோடு வந்தால் வாசலில் நின்று கூப்பிடு. நான் வந்து யார் என்று பார்த்துத் திறக்கிறேன்.

உன் அம்மா